லாட நண்டின் முதுகில் ஒட்டியிருப்பவை: கொழும்பில் இருந்துகொண்டு பழகிய விதம்

குதிரைலாட நண்டின் மேல் வாழும் சின்ன உயிர்களை அடையாளம் காணப் பழக வேண்டும் என்று கொழும்பில் இருக்கிற ஒருவர் நினைத்தால், முதலில் லாட நண்டுக்கு எங்கே போவது என்ற கேள்விதான் வரும். உலகத்தில் இருப்பதே நான்கு இனம். லிமுலஸ் அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில், மற்ற மூன்றும் ஆசியாவில், ஒடிசா, வங்காளக் கரைகள் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாக ஜப்பான் வரை. மீன் சந்தையில் கேட்டு வாங்குகிற சாமான் இல்லை, வாங்கவும் கூடாது. ஆனால் என் சித்தியின் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், வற்று நேரத்தில் சேற்றுக்கரைக்குப் போய், விட்டுப்போன வலைகளில் சிக்கிய லாட நண்டுகளை எடுத்துவிடுகிற தன்னார்வலர்களோடு சேர்ந்து வேலை செய்கிறாள். அங்கிருந்து படம் படமாக வரும், கூடவே "அண்ணா, இது முதுகில என்ன?" என்ற கேள்வியும்.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும் என்றால் அந்த உயிரைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். அதற்கு நான் எடுத்த வழி நீலக்கால் நண்டு. லாட நண்டு உண்மையில் நண்டே இல்லை, சிலந்தி, தேள் பக்கத்துச் சொந்தம், ஆனால் இரண்டின் முதுகிலும் குடியேறுகிற கூட்டத்தில் பெரிய பகுதி ஒன்றுதான்: சுண்ணாம்புத் தகடுகளுக்குள் ஒட்டி வாழும், கொட்டலசு என்கிற பார்னக்கிள், சுண்ணாம்புக் குழாய்ப் புழு, பெட்டி பெட்டியாகக் கூட்டமாய் வளரும் பிரையோசோவா, முடி போலக் கிளைக்கும் ஹைட்ரொயிட், அப்புறம் காம்பு வைத்த பார்னக்கிள். கெலோனிபியா என்கிற பார்னக்கிள் நீலக்கால் நண்டிலும் இருக்கும், லாட நண்டிலும் இருக்கும், கடலாமையிலும் இருக்கும். ஆமையைத் தொட நமக்கு உரிமை இல்லை, சட்டம் இருக்கிறது. நண்டை எப்படியும் கறிக்கு வாங்குகிறோம்.

வெள்ளவத்தையில் நான் வழக்கமாக மீன் வாங்கும் நானாவிடம் சொல்லி வைத்தேன்: "நானா, முதுகில கல்லு மாதிரி ஒட்டியிருக்கிற நண்டு வந்தா கழுவாம எடுத்து வையுங்க." அவருக்கு அது நல்ல வியாபாரம், ஏனென்றால் ஓடு அழுக்காக இருக்கிற நண்டை மற்றவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். உண்மையில் அப்படிப்பட்ட நண்டில்தான் சதை கட்டியாக இருக்கும். ஓடு கழற்றி நாளாகியிருந்தால்தானே அதன் மேல் ஏதாவது வளர நேரம் கிடைக்கும். கழற்றிக் கொஞ்ச நாளான நண்டின் ஓடு பளிச்சென்று இருக்கும், உடைத்தால் உள்ளே பாதி தண்ணீர். நிறைய வேண்டுமென்றால் விடியற்காலையில் பேலியகொடை மொத்தச் சந்தைக்குப் போகலாம், மன்னார், புத்தளம், யாழ்ப்பாணம் என்று எல்லாப் பக்கத்து நண்டும் அங்கே வரும். எங்கே பிடித்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பிறகு யாருக்கும் நினைவிருக்காது. பெட்டியில் ஐஸ் போட்டு நல்ல தண்ணீர் பட்ட நண்டில் மெத்தென்ற உயிர்கள் ஏற்கனவே கழன்று போயிருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சந்தை நண்டில் காணவில்லை என்பதால் கடலில் இருக்கவில்லை என்று ஆகாது.

இந்த ஓடு கழற்றும் விஷயம் லாட நண்டில் வேறு மாதிரி, அதனால்தான் அதன் முதுகு இவ்வளவு சுவாரசியமானது. லிமுலஸ் ஒன்பது பத்து வருடம் ஓடு கழற்றிக் கழற்றி வளரும், முதிர்ந்த பிறகு அநேகமாகக் கழற்றுவதே இல்லை. அதற்குப் பிறகு பல வருடம் வாழும். அந்த வருடங்களில் வந்து ஒட்டியதெல்லாம் அப்படியே சேர்ந்துகொண்டு போகும். 1988இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் இதையே ஒரு கணக்காக்கினார்கள்: லிமுலஸ் முதுகில் இருந்த செருப்புச் சிப்பிகளின் (ஒட்டி வாழும் ஒரு நத்தை வகை) வயதைப் பார்த்தால், அந்த ஓடு குறைந்தது அத்தனை வருடமாகக் கழற்றப்படவில்லை என்று தெரியும், அதை முதிர்ச்சி வயதோடு கூட்டினால் விலங்கின் வயது கிடைக்கும். ஒட்டியிருப்பதன் பெயரும் வயதும் தெரிந்தால் சுமக்கிற விலங்கின் வரலாறே தெரிகிறது. இந்த வேலையை நான் இவ்வளவு ஆசையோடு செய்வதற்கு அதுதான் காரணம்.

சாமான்கள் பெரிதாக ஒன்றும் இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று செட்டியார் தெருவில் வாங்கினேன், நகைக்காரர்கள் கல் பார்க்க வைத்திருப்பது. போனோடு இணைக்கிற சின்ன யூஎஸ்பி நுணுக்குக்காட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் முக்கால்வாசி வேலை லூப்பில் முடியும். பழைய பல் தேய்க்கும் பிரஷ், தட்டையான சின்னக் கத்தி, இடுக்கி, வெள்ளைப் பீங்கான், டோர்ச், அடிமட்டம். மூடி இறுக்கமான சின்னக் கண்ணாடிப் போத்தல்கள், எழுபது சதவீத எத்தனோல், வினாகிரி, வீட்டில் துணிக்குப் போடுகிற ப்ளீச்.

ஆனால் கத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான். நண்டின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டையும் ஒரு தாளில் கோட்டுப் படமாக வரைந்து, எது எந்த இடத்தில் இருக்கிறது என்று புள்ளி வைத்து இலக்கம் போட வேண்டும். சுரண்டி எடுத்த பார்னக்கிள் வெறும் பார்னக்கிள்தான். முதுகின் நடுவில் இருந்ததா, வாயைச் சுற்றி இருந்ததா, காலின் மூட்டில் இருந்ததா, பூவுக்குள், அதாவது செவுளுக்குள் இருந்ததா என்று தெரிந்தால் பாதி அடையாளம் அங்கேயே முடிந்துவிடும். ஒட்டி வாழ்கிற உயிர் தன் இடத்தை விட்டு உணவு தேடிப் போகாது, தண்ணீர் ஓட்டம் சாப்பாட்டைக் கொண்டுவர வேண்டும், மண்ணில் உரசிப் போகாமலும் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் உண்டு. நண்டு மூச்சுக்காக இழுக்கும் தண்ணீர் கொடுக்குக் காலின் அடியால் உள்ளே போய்ப் பூக்களைத் தாண்டி வாய்ப்பக்கமாக வெளியே வரும், அந்த வழி முழுக்க காம்பு வைத்த பார்னக்கிளுக்கு வசதியான இடம். லாட நண்டு சேற்றை உழுதுகொண்டு போவதால் முன் விளிம்பு தேய்ந்து சுத்தமாக இருக்கும், மேல் வளைவிலும் பள்ளங்களிலும்தான் கூட்டம்.

படம் எடுப்பதில் ஒரு சின்ன உத்தி. ஈரமான ஓடு போன் கமராவில் பளபளவென்று அடித்து ஒன்றும் தெரியாமல் போகும். நண்டைப் பீங்கானில் வைத்து, மூடும் அளவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே இருந்து நேராக எடுத்தால் பளபளப்பு போய்விடும். நல்ல தண்ணீர் வேண்டாம், மெத்தென்ற உயிர்கள் ஊதி வெடித்துவிடும். அடுத்து விளக்கை அணைத்துவிட்டு டோர்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து இன்னொரு படம்: தகடுகளுக்கு இடையிலான கோடுகள் நிழல் விழுந்து தெளிவாக எழும்பும். எல்லாப் படத்திலும் அடிமட்டம் தெரிய வேண்டும்.

சரி, பார்னக்கிளுக்கு வருவோம். நீலக்கால் நண்டின் முதுகில் பொதுவாக இரண்டு வகை வரும். ஒன்று கூம்பு மாதிரி எழுந்து நிற்கும், வாய் வைர வடிவத்தில், உள்ளே நான்கு சின்னத் தகடுகள் இடைவெளி இல்லாமல் மூடிக்கொண்டிருக்கும். அது அம்ஃபிபலானஸ் பக்கத்து ஆள், துறைமுகச் சுவரிலும் வள்ளத்தின் அடியிலும் ஒட்டுகிற அதே கூட்டம், நண்டு அதற்கு இன்னொரு கல் மட்டும்தான். மற்றது தட்டையாக, கனத்த சுவரோடு, வாய் அகலமாக இருக்கும். அந்த அகலமான வாயில் மூடித் தகடுகள் சின்னதாக, ஒடுக்கமாக, ஒரு தோலின் நடுவில் மிதக்கிற மாதிரி கிடக்கும், வாயை முழுக்க நிரப்பாது. அது கெலோனிபியா.

உறுதிப்படுத்த அடியைப் பார்க்க வேண்டும். கத்தியைப் படுக்கையாக வைத்து மெதுவாகத் தள்ளினால், அம்ஃபிபலானஸ் தன் சுண்ணாம்பு அடித்தட்டை ஓட்டிலேயே விட்டுவிட்டு வரும், நண்டின் மேல் வெள்ளை வட்டம் ஒன்று பதிந்திருக்கும், லூப்பில் பார்த்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லிய கோடுகள் ஓடும். கெலோனிபியாவுக்கு அடி வெறும் சவ்வு. எடுத்தால் ஓட்டில் வெள்ளைத் தட்டு எதுவும் மிஞ்சாது, திருப்பிப் பார்த்தால் சுவரின் உள்பக்கம் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வரிவரியாக மடிப்புகள் தெரியும். வெளியே ஆறு தகடு எண்ணலாம், ஆனால் அதில் ஒன்று மூன்று தகடு சேர்ந்து ஒட்டியது, உள்பக்கத்தில் அந்த ஒட்டுக்கோடுகள் சிலவேளை தெரியும். நான் முதலில் வடிவாகப் பார்த்தது ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள கெலோனிபியா, முதுகின் நடுப்பள்ளத்தில் இருந்தது, அதன் சுவரின் மேலேயே கடுகளவில் இன்னும் சில கெலோனிபியாக்கள் ஒட்டியிருந்தன. அவை குஞ்சுகளாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. இந்த இனத்தில் பெரியவை இருபாலாகவும், அவற்றின் மேல் ஒட்டுகிற குட்டி ஆண்கள் தனியாகவும் இருப்பது ஆய்வில் காட்டப்பட்ட விஷயம்.

இந்த கெலோனிபியாவின் பெயர்க்கதை தெரியாமல் பழைய அட்டவணைகளைப் பார்த்தால் குழப்பம் வரும். ஆமையில் இருப்பதற்கு டெஸ்டுடினாரியா, நண்டிலும் லாட நண்டிலும் இருப்பதற்கு பாட்யூலா என்று இரண்டு பெயர் வெகுகாலம் இருந்தது, டார்வின் 1854இல் பார்னக்கிள்களைப் பற்றி எழுதியபோதும் தனித்தனியாகத்தான் வைத்தார். பார்க்கவும் வேறு வேறுதான்: ஆமையில் இருப்பதன் தகடுகளுக்கு இடையே பல்பல்லாக வெட்டிய ஆறு கதிர் நட்சத்திரம் தெரியும், நண்டில் இருப்பது வழவழப்பு. 2010களில் மரபணுவை ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே இனம், சுமக்கும் விலங்கின் மேற்பரப்புக்கு ஏற்ப உருவம் மாறுகிறது என்று தெரிந்தது. அதனால் இப்போது எல்லாமே கெலோனிபியா டெஸ்டுடினாரியா. ஒட்டினால் அசையாது என்று நாம் நினைக்கிற பார்னக்கிள் கூட்டத்தில் இது மெதுவாக இடம் நகரும் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆமை ஓட்டில் அதைப் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

தகடுகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றால் பார்னக்கிளைத் தண்ணீர் கலந்த ப்ளீச்சில் சில மணி நேரம் போட்டு வைக்கலாம். சதை கரைந்து தகடுகள் கழன்று விழும், கழுவிக் கறுப்புத் தாளில் அடுக்கிப் படம் எடுக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, இதை யாரும் லேசாக எடுக்க வேண்டாம்: ப்ளீச் இருந்த பாத்திரத்தில் வினாகிரியை ஊற்றக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். நான் இரண்டுக்கும் வேறு வேறு கண்ணாடிக் கிண்ணம் வைத்திருக்கிறேன், இரண்டையும் ஒரே நேரத்தில் மேசையில் வைப்பதில்லை.

வினாகிரி எதற்கு என்றால் சுண்ணாம்பா இல்லையா என்று பார்க்க. முதுகில் வளைந்து நெளிந்து கிடக்கிற குழாய் ஒரு துளி வினாகிரியில் நுரைத்தால் அது செர்புலிட் குடும்பத்துப் புழு கட்டியது, பாடசாலையில் படித்த அனலிடாதான். இரண்டு மூன்று மில்லிமீட்டரில் நத்தை போலச் சுருண்டு, ஆனால் முழுக்க ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தால் ஸ்பைரோர்பிஸ் வகை. நுரைக்காமல் மணல் மணலாக உதிர்ந்தால் சேற்றையும் மணலையும் பசை வைத்து ஒட்டிக் கட்டுகிற வேறு புழுக்கள். இந்தச் சோதனையை நண்டின் மேலேயே செய்யக்கூடாது, நண்டின் ஓட்டிலும் சுண்ணாம்பு இருப்பதால் அதுவும் நுரைக்கும். ஒரு துண்டைத் தனியே எடுத்துத்தான் செய்ய வேண்டும். லாட நண்டின் ஓடு அப்படியில்லை, அதில் சுண்ணாம்பு ஏற்றியிருக்காது.

வெறும் கண்ணுக்கு வெள்ளைக் கறை, உப்புப் படிந்த மாதிரி தெரிகிற இடங்களை விட்டுவிடாதீர்கள். லூப்பை வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் சின்னதாகப் பெட்டி பெட்டியாக, கைக்குட்டையின் ஓரத்து லேஸ் வேலைப்பாடு மாதிரி வரிசையாக விரியும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு விலங்கு. அது பிரையோசோவா. பழுப்பு நிறத்தில் முடி முளைத்த மாதிரி இருந்தால் பாசியா ஹைட்ரொயிட்டா என்று பார்க்க வேண்டும், ஹைட்ரொயிட் என்றால் பல வகைகளில் கிளைகளில் சின்னக் கிண்ணங்கள் இருக்கும், உப்புத் தண்ணீரில் உயிரோடு கிடைத்தால் கைகளை விரிப்பதும் தெரியும்.

இனி நண்டின் உள்ளே. நம் வீடுகளில் நண்டு உடைக்கிறவர்கள் எல்லாரும் முதுகோட்டைக் கழற்றியதும் இரண்டு பக்கமும் உள்ள பூவைப் பிய்த்து எறிவார்கள். அதை எறிய வேண்டாம். பூக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால், சில நண்டுகளில் பூவின் அடியோடு ஒட்டிக்கொண்டு, மெல்லிய காம்பும் அரிசி மணியளவு தலையுமாக, பால் நிறத்தில் ஒரு கூட்டம் தொங்கும். ஒக்டோலாஸ்மிஸ். இதுவும் பார்னக்கிள்தான், ஆனால் உரசலும் வெயிலும் எதிரியும் இல்லாத இடத்தில் வாழ்வதால் தகடுகள் குறைந்து மெல்லிய கீற்றுகளாக ஆகிவிட்டன, தலைக்குள் மடங்கியிருக்கும் இறகுக் கால்கள் தோலினூடாகவே தெரியும். இதே பேரினத்தில் ஓட்டின் வெளியே ஒட்டுகிற ஒக்டோலாஸ்மிஸ் வார்விக்கியை எடுத்துப் பார்த்தால் தகடுகள் பெரிதாகத் தலையை மூடிக் கவசம் போல இருக்கும். லாட நண்டிலும் பதிவாகியிருப்பது இந்த வார்விக்கி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இடம் உருவத்தை எப்படிச் செதுக்குகிறது என்பது எனக்கு உண்மையில் விளங்கியது. அம்மா பக்கத்தில் நின்று, "உதை ஏன் எறியாமல் வச்சிருக்கிறாய்?" என்று கேட்டார், லூப்பைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன், இப்போது நண்டு உடைக்கும்போது பூவை எனக்காகத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைக்கிறார்.

வயிற்று மடலையும் திறந்து பாருங்கள். முட்டை என்றால் மணி மணியாக, மடலின் அடியில் உள்ள மயிர்க்கால்களில் கொத்தாக ஒட்டியிருக்கும். மணியே இல்லாமல் வழவழவென்று ஒரே பையாக இருந்தால் அது சாக்குலினா. அதுவும் பார்னக்கிள் வம்சம், ஆனால் ஓடும் இல்லை காலும் இல்லை, நண்டின் உடம்புக்குள் வேர் மாதிரிப் பரவி வாழும் ஒட்டுண்ணி. ஆண் நண்டில் ஏறினால் அதன் வயிற்று மடலே பெண்ணுடையது போல அகன்றுவிடும். மேலே ஒட்டி வாழ்வதற்கும் உள்ளே இருந்து உறிஞ்சுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே நண்டில் பார்க்கக் கிடைப்பது பெரிய வாய்ப்பு.

எடுத்ததையெல்லாம் போத்தலில் எத்தனோலில் போட்டு, சின்னத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளேயே போட வேண்டும். பேனை மை எத்தனோலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டிய லேபிள் ஒரு மழைக்காலத்தில் கழன்றுவிடும். எந்த விலங்கு, எங்கே பிடித்தது, திகதி, படத்தில் போட்ட இலக்கம், உடம்பின் எந்த இடம். பெயர் பிறகு எழுதலாம், மாறவும் மாறும். எழுத்துக்கூட்டையும் இப்போது ஏற்கிற பெயரையும் உலகக் கடல்வாழ் இனப் பதிவேட்டில் இணையத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிப் பழகிய பிறகு சிங்கப்பூர் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முன்பு "ஏதோ வெள்ளை வட்டம்" என்று விட்ட இடங்கள் உதிர்ந்துபோன அம்ஃபிபலானஸ் வகையின் அடித்தட்டுகள். முதுகின் வளைவில் தட்டையாக, வாய் அகன்று இருந்தது கெலோனிபியா. வால் சேரும் மூட்டுப் பக்கத்தில் சாம்பல் நிறத் தோல் மாதிரி இருந்ததைப் பெரிதாக்கினால் பெட்டிகள் தெரிந்தன. அவள் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டியிருந்தது: இணையத்தில் லாட நண்டு என்று தேடினால் வருகிற படங்கள் பெரும்பாலும் லிமுலஸ், அதன் முதுகில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய செருப்புச் சிப்பிகள், அடியில் பெரிய பெண், மேலே சின்ன ஆண். அந்தச் சிப்பி வட அமெரிக்கக் கிழக்குக் கரையைச் சொந்த இடமாகக் கொண்டது, சிங்கப்பூர்ச் சேற்றில் அதைத் தேடக்கூடாது. அதேபோல லிமுலஸின் புத்தகப் பூக்களில் (புத்தகத் தாள் போல அடுக்கிய செவுள்கள்) ஊர்கிற வெள்ளைத் தட்டைப்புழு டெலூரா, ஆசிய டாகிப்ளியஸ் இனங்களில் அந்த இடத்தில் இருப்பது எக்டோபிளானா என்கிற வேறு புழு. அந்தப் பெயர்களில் முதலாவதைப் பிடெலூரா என்றும் எழுதுவார்கள், தேடும்போது இரண்டு விதமாகவும் தேடிப் பார்க்கலாம். முதலில் சுமக்கிற விலங்கு எந்த இனம், எந்தக் கடல் என்று எழுதிவிட்டுத்தான் ஒட்டியிருப்பதன் பெயருக்குப் போக வேண்டும்.

படத்தை மட்டும் வைத்து நான் அநேகமாகப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அடித்தட்டையும் மூடித் தகட்டையும் பார்க்காமல் இனப்பெயர் எழுதினால் அதைப் பார்க்கிற அடுத்தவரும் அதையே நம்பி எழுதுவார். உயிருள்ள லாட நண்டிலிருந்து எதையும் சுரண்டக்கூடாது என்பதிலும் நாங்கள் இருவரும் உறுதியாக இருக்கிறோம்; ஓடு காயப்பட்டால் முதிர்ந்த லாட நண்டுக்கு அதைக் கழற்றிப் புதிது போட வழியில்லை.

அதனால் அவளுக்கு இப்போது ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறேன்: முதுகு முழுவதும் மேலே இருந்து ஒன்று, இரண்டு பக்கக் கண்களைச் சுற்றி, முன் பின் ஓடுகள் சேரும் மடிப்பு, வாலின் அடிப்பகுதி, பிறகு ஓட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் திருப்பி, வாலைப் பிடித்துத் தூக்காமல், கால் மூட்டுகளும் புத்தகப் பூவின் மடல்களும். அளவுக்கு அடிமட்டம், பக்கவாட்டில் டோர்ச் வெளிச்சம். எடுத்து முடிந்ததும் தண்ணீர்ப் பக்கம் முகம் பார்க்க விட்டுவிட வேண்டும். அடுத்த பெரிய வற்று நேரத்துக்கு அவள் ஈரத்தில் நனையாத தாளில் லாட நண்டின் கோட்டுப் படம் அச்சடித்து எடுத்துக்கொண்டு போகிறாள், அதன் மூலப்படத்தை நான் வரைந்துகொண்டிருக்கிறேன்.